“காலையும் இங்கதான் பார்க்கணுமா மிஸி?”: ஒரு தோட்டப்புற கிளினிக்கில் தொடர்கல்வி

வருடக் கடைசியில் எங்கள் கிளினிக்கில் தவறாமல் ஒரு கூத்து நடக்கும். அக்டோபர் பிறந்தால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளாளுக்குக் கைப்பேசியைத் திறந்து மைசிபிடியில் (சுகாதார ஊழியர்களின் தொடர்கல்வியைப் பதியும் இணையத்தளம்) பாயிண்ட் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், குறைகிற ஆள் “யாராவது வெபினார் லிங்க் இருந்தா தள்ளிவிடுங்கப்பா” என்று வாட்சாப்பில் கெஞ்சுவார், நவம்பர் முழுக்க நமக்குச் சம்பந்தமே இல்லாத தலைப்புகளில் எல்லாரும் பாடம் கேட்பார்கள். கேமரா அணைந்திருக்கும். ஒரு காதில் பேச்சாளர், மறு காதில் மீன் பொரிகிற சத்தம். நானும் அப்படிக் கேட்டவன்தான், யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் இங்கே பிபிபி, அதாவது பழைய மெடிக்கல் அசிஸ்டன்ட். தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் இன்னும் டிரெசர்தான். (தோட்ட டிரெசர்களுக்கென்று 1965-இல் தனிச் சட்டமே போட்டுப் பதிவு முறை கொண்டுவந்தார்கள் என்பது இப்போது வருகிற இளம் ஆட்களுக்குத் தெரியாது.) கிளினிக்கின் பயிற்சிப் பதிவேடு என் தலையில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. யார் எந்த கோர்ஸுக்குப் போனார், எத்தனை நாள், ஏன் போனார் என்று ஒரு ஃபாரம் வரும். ‘ஏன்’ என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ‘அறிவை மேம்படுத்த’ என்று ஒரே பதிலைப் போட்டு அனுப்பிவிடுவேன். அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லாத ஒரு கேஸைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு தாதி (ஊர் வாயில் ‘மிஸி’), ஒரு கால், மூன்று ஞாயிற்றுக்கிழமை. பெயர் யாருக்கும் வேண்டாம், ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

இடம்

மலேசியாவின் தென் கெடா. ஒரு பக்கம் கூலிம், மறுபக்கம் சுங்கைப் பட்டாணி, நடுவில் எங்கள் பட்டணம். ஒரு தெருவுக்குக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பாதிப் பேர் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள், ஆனாலும் புது ஆள் யாராவது வந்தால் முதல் கேள்வி “எந்தத் தோட்டம்?”தான்.

காலை ஏழரைக்கு நம்பர் எடுக்க வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி இனிப்புநீரும் ரத்த அழுத்தமும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது, இந்தியர்களிடையே மட்டும் 31.4. எங்கள் நாற்காலி வரிசையைப் பார்க்கிறவருக்கு அந்த இரண்டாவது எண் ஆச்சரியமாக இருக்காது. 2023 ஆய்வில் நாட்டு அளவு 15.6-க்கு இறங்கியிருக்கிறது. சந்தோஷம்தான், எங்கள் வரிசை இன்னும் இறங்கவில்லை.

கேஸ்

அக்கா என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். நாற்பத்து நான்கு வயது, ஸ்டாஃப் நர்ஸ், வார்டில் பல வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். இனிப்புநீர் மேசை அவருடையது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நோயாளி ஒருவர் வர வேண்டிய தேதியில் வராவிட்டால் மறுநாளே போன் போடுவார். வேலையில் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாத ஆள், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு தைப்பூசத்துக்கு ஐந்தாறு நாள் கழித்து ஒரு பெரியவரை அவர் மனைவி தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் பழைய நோயாளி. மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கு நேர்த்திக்கடன் என்று பினாங்கு தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்திருக்கிறார். அங்கே ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சாலையே வெள்ளையாகக் கிடக்கும். உடனே கூட்டி அள்ளுவார்கள், ஆனால் எவ்வளவு கூட்டினாலும் சிரட்டைத் துண்டு மிஞ்சத்தான் செய்யும். அதில் ஒன்று அவர் வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டு மிதியடியில் கறையைப் பார்த்த மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். அப்புறம் வீட்டு வைத்தியம், மஞ்சள், ஒரு களிம்பு. எங்களிடம் வந்தபோது வாடை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், இரண்டு விரல் போயிற்று.

திரும்பி வந்து எங்களிடம் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் அந்த அம்மா அக்காவிடம் கேட்டார். “சுகருக்குத்தானே மிஸி மாத்திரை குடுத்தீங்க, காலையும் இங்கதான் பார்க்கணுமா?”

சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பல் வலிக்கு எந்தக் கௌண்டர் என்று கேட்பது போல. அக்கா கட்டை முடித்து அனுப்பிவிட்டு பெரியவருடைய பச்சைப் புத்தகத்தை, அதாவது இனிப்புநீர்ப் பதிவுப் புத்தகத்தை, எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த பதிவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, மாத்திரை மாற்றம் எல்லாம் அச்சடித்தது போல இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது வழிகாட்டியில் இருக்கிறது, அதற்கான பக்கமும் புத்தகத்தில் இருக்கிறது. முதல் வருடம் ஒரு டிக். அதன் பிறகு வெறுமை. அந்த வெறும் பக்கத்துக்குப் பக்கத்துப் பக்கங்கள் அக்காவின் கையெழுத்து. சிலவற்றில் என் கையெழுத்தும் இருந்தது.

இங்கேதான் நான் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் அக்காவுக்குத் தேவைக்கு மேலேயே பாயிண்ட் இருந்தது. இனிப்புநீரைப் பற்றி இரண்டு அமர்வு, அதில் ஒன்றில் பாதப் பராமரிப்புக்கென்றே அரை மணி நேரம். கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதே தாளில் நானும் போட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு நினைவிருப்பது கரிபாப் மட்டும்தான்.

பாயிண்ட் எதைச் செய்கிறது

பாயிண்ட் முறையே வீண் என்று சொல்ல வரவில்லை. 1971 மருத்துவச் சட்டத்துக்கு வந்த திருத்தமும் 2017 விதிகளும் சேர்ந்து டாக்டர்களுக்கு வருடம் 20 பாயிண்ட் இருந்தால்தான் ஏபிசி (தொழில் செய்வதற்கான வருடாந்திரச் சான்றிதழ்) என்று ஆக்கின, தாதியருக்கும் தங்கள் வாரியத்தின் கணக்கு உண்டு. அரசு ஊழியர் யாராக இருந்தாலும் வருடத்தில் ஏழு நாள் பயிற்சி என்று 2005-லேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. இதெல்லாம் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற பட்டணத்தில் இருக்கிறவனை கோர்ஸுக்கு விடவே மாட்டார்கள், “ஆள் இல்லை, அடுத்த முறை” என்று பத்து வருடம் ஓடியிருக்கும். ஆளை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைக்கிற வேலையை பாயிண்ட் செய்கிறது. உட்கார்ந்த பிறகு நடக்க வேண்டியது அதன் கையில் இல்லை.

மருத்துவ ஊழியர்களுக்கான கூட்டங்கள், பட்டறைகள் பற்றிய 81 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டின் ஒரு பெரிய மீளாய்வு, இவற்றால் சரியான நடைமுறை கூடுவது நடுமதிப்பாக 6 விழுக்காட்டுப் புள்ளி என்றது. அதாவது நூறு நோயாளிகளில் கூடுதலாக ஆறு பேருக்குச் சரியானது நடக்கும். ஆறு பேர் என்பது சும்மா இல்லை, ஆனால் அந்த ஆறில் எங்கள் பெரியவர் இருக்கவில்லை.

எங்கள் கிளினிக்கிலேயே யார் எதற்குப் படிக்கிறார்கள் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். சிரில் ஹூல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-இல், தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கும் 22 பெரியவர்களைப் பேட்டி எடுத்து, மூன்று ரகமாகப் பிரித்தார். ஏதோ ஒரு இலக்குக்காகப் படிப்பவர், கூடிப் பழகுவதற்காகப் படிப்பவர், படிப்பதே பிடித்துப்போய்ப் படிப்பவர். அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் பேன்ட்ரியில் அந்த மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்த டாக்டர் தம்பிக்கு நிரந்தர வேலையும் ஸ்பெஷலிஸ்ட் பரீட்சையும் கண்ணில் நிற்கின்றன, அவர் படிக்கிற ஒவ்வொரு பக்கமும் அந்தப் பரீட்சைக்குத்தான், அதில் தப்பும் இல்லை. கிராம கிளினிக்கிலிருந்து எங்களுக்கு மாறி வந்த ஜேஎம் (சமூகத் தாதி) தங்கச்சிக்கு ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும். மருந்துக் கௌண்டர் அண்ணனுக்கு கோர்ஸ் என்றாலே ஹோட்டல், பழைய பேட்ச் நண்பர்கள், இரண்டு நாள் கிளினிக்கைப் பார்க்காமல் இருக்கும் நிம்மதி. வெளிப்படையாகச் சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் ஒரு விஷயம், மூன்று வருடத்துக்கு முன் இன்சுலின் பேனா பற்றிய ஒரு கோர்ஸில் சாப்பாட்டு மேசையில் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு வந்துதான், ஒரே இடத்தில் ஊசி குத்திக் குத்தி வயிற்றில் கட்டி விழுந்திருந்த இரண்டு பாட்டிகளை அண்ணன் கண்டுபிடித்தார். மருந்து கட்டிக்குள் போனால் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் சர்க்கரை ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. ஆக, ஊர் சுற்றப் போகிறவன் ஒன்றும் கற்க மாட்டான் என்றும் சொல்ல முடியாது.

அக்கா இந்த மூன்றிலும் அடங்கவில்லை. பதவி உயர்வு வேண்டாம், கூட்டம் பிடிக்காது, படிப்பில் பெரிய மோகமும் இல்லை. அவருக்கு இருந்தது வெட்கம். அதை வெட்கம் என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வேறு சொல் கிடைக்கவில்லை. தனக்குத் தெரியும் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று தெரிந்துகொள்வது. சந்தையில் மீன் வாங்கும்போது, கோயிலில் பிரசாதம் வாங்கும்போது அந்த அம்மாவை எதிரே பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நோயாளி வீட்டுக்குப் போய்விட்டால் போனதுதான். தோட்டப் பட்டணத்தில் நோயாளி போவதே இல்லை, அடுத்த வரிசையில் உட்கார்ந்து அதே கல்யாணத்தில் சாப்பிடுகிறார்.

மூன்று ஞாயிறு

முதலில் தாதியருக்கான போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் பயிற்சியை விசாரித்தார். மாதக் கணக்கில் வீட்டை விட்டுப் போக வேண்டும். மகளுக்கு எஸ்பிஎம் பரீட்சை வருடம், மாமியார் படுக்கை, கணவருக்கு ஷிப்ட் வேலை. ஃபாரத்தைப் பூர்த்தி செய்யாமலே மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். ‘ஊக்கம் குறைவு’ என்று மேலே இருந்து பார்த்தால் தெரியும்.

பிறகு ஒரு இரண்டு நாள் பட்டறை. அது தலைநகரத்தில் வியாழன், வெள்ளி. கெடாவில் எங்களுக்கு வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், ஆகவே அரை கோர்ஸ் விடுமுறையில் போகும், சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பித்தார். இடம் நிறைந்துவிட்டது. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் மூலம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பாதக் கிளினிக்கில் நின்று பார்க்க வாய்மொழியாக அனுமதி கிடைத்தது. அந்தக் கிளினிக் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் ஞாயிறு வேலை நாள். தன் வெள்ளி, சனி ஓய்வு இதற்கு உதவாது, ஆண்டு விடுமுறையில் மூன்று நாள் போட்டார். பெட்ரோல், டோல், சாப்பாடு சொந்தக் காசு. மூன்றாவது ஞாயிறு முடிந்து திரும்பும்போது நைலான் இழை ஒன்றையும் சொந்தக் காசு கொடுத்து வாங்கி வந்தார்.

மோனோஃபிலமென்ட் என்பார்கள். ஒரு கைப்பிடி, நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு இழை. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும், அந்த அழுத்தமே தெரியாத பாதம் ஆபத்தில் இருக்கிற பாதம். பார்க்க ஒன்றுமில்லாத சாமான். திங்கட்கிழமை மதியம் என் காலில் செய்து காட்டினார். முதலில் புறங்கையில் ஒருமுறை தொட்டு, இதுதான் அந்த உணர்வு என்று காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டை விரல் நுனி, விரல்களின் அடிமேடு என்று ஒவ்வொரு இடமாக, ஆணி தடித்த இடத்தை விட்டுவிட்டு, இழை வில்லாக வளைகிற வரை ஓரிரு நொடி வைத்து எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது. ஒரு இழையை ஒரு நாளில் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் தளர்ந்துவிடும், 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். “உங்களவிட இதுக்கு லீவு ஒழுங்கா கிடைக்குது தம்பி” என்றார்.

இதுவரை எந்த ஸ்லைடிலும் கிடைக்கும். இதற்கு அப்புறம்தான் உண்மையான படிப்பு ஆரம்பித்தது.

முதல் வாரம் ஏழு பேரைப் பார்த்தார், ஏழு பேருக்கும் எல்லா இடத்திலும் உணர்வு இருந்தது. நம்பவே முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் கோளாறு கேள்வியில். ஒவ்வொரு முறை இழையை வைக்கும்போதும் “தெரியுதா?” என்று கேட்டிருக்கிறார். நம் ஆட்கள், அதுவும் தோட்டத்துப் பெரியவர்கள், மிஸி இவ்வளவு மெனக்கெட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி மனசு நோகடிப்பார்களா? “தெரியுதும்மா” என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் முறையை மாற்றினார். “நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தொடுறது தெரிஞ்சா நீங்களே ‘ஆமா’ன்னு சொல்லுங்க, எந்தக் கால்னும் சொல்லுங்க.” அமைதியாக இருந்தார். அறையில் அந்த அமைதி நீண்டது. இழை வளைகிறது, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார், ஆமா வரவே இல்லை.

வார்த்தை இன்னொரு தலைவலி. கோர்ஸ் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும். நியூரோபதியை, அதாவது நரம்பு கெட்டு உணர்வு போவதை, எப்படிச் சொல்வது? முதலில் அகராதியைப் பார்த்து ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லியிருக்கிறார். கேட்ட பெரியவர் முகம் சிவந்து, மனைவியை வெளியே போகச் சொல்லி, “அதெல்லாம் இப்ப எதுக்கு மிஸி” என்றாராம். சுவரொட்டி லேகிய வைத்தியர்கள் அந்தச் சொல்லை என்னவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் சிரித்தோம். இப்போது ‘கால் மரத்துப்போறது’, அவ்வளவுதான்.

நேர்த்திக்கடன் விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, இன்னும் ஒத்துப்போகவில்லை. ‘வெறுங்காலில் நடக்கவே கூடாது’ என்பது பாடம். மரத்துப்போன காலுக்கு அதை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. அக்கா சொன்னது, “அப்படிச் சொன்னா சரி சரின்னு தலையாட்டிட்டு வெறுங்காலோட நடந்துட்டு வந்து நம்மகிட்ட காட்ட மாட்டாங்க.” அவர் முதலில் இந்த வருடம் வேண்டாமே என்று கேட்டுப் பார்ப்பார், முடியாது என்றால் தடித்த காலுறை, தார் சூடேறுவதற்கு முன் விடியற்காலை நடை, கூடவே ஒரு ஆள், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, மறுநாள் எங்களிடம் காட்டுவது என்று பேரம் பேசுவார். எந்தப் பட்டறையும் இதைச் சொல்லித் தராது.

திரும்பி வந்த பிறகு

படிக்கப் போவதற்கு என்ன தூண்டுகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். தாங்களே விரும்பிச் செய்வது, கைவருகிறது என்ற நம்பிக்கை, கூட நிற்க ஆட்கள் என்ற மூன்றும் இருந்தால்தான் ஊக்கம் நிலைக்கும் என்று டெசி, ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அக்கா கேஸில் முதலாவது இருந்தது, இரண்டாவதை மூன்று ஞாயிறு கொடுத்துவிட்டன. மூன்றாவதில்தான் தடுமாறியது. ஒரு நோயாளிக்குக் கூடுதலாக ஏழெட்டு நிமிடம், வெளியே வரிசை நீள்கிறது, “ஏன் இன்னிக்கு லேட்டு” என்று என்னிடம்தான் கேட்டார்கள், நானும் இரண்டு முறை அக்காவிடம் போய் “கொஞ்சம் சீக்கிரம்” என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், பயிற்சிப் பதிவேட்டை வைத்திருக்கிற அதே நான். அந்த மாதம் இழை இழுப்பறைக்குள் போய்விட்டது. நிரப்பாத போஸ்ட் பேசிக் ஃபாரத்துக்குப் பக்கத்தில்.

அதை வெளியே எடுத்தது ஜேஎம் தங்கச்சி. நம்பர் அழைக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நடைவழியிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடலாமே, பார்வைக்குத் தெரிகிற புண், வெடிப்பு, நகம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும், இழை வைக்க வேண்டியவர்களை மட்டும் உள்ளே அனுப்பலாம் என்றாள். பொறுப்பு டாக்டரிடம் கேட்டோம், செவ்வாய்க்கிழமை மட்டும் செய்து பாருங்கள் என்றார். இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு டார்ச். தங்கச்சி தனக்கென்று இரண்டாவது இழையை வாங்கி உறையில் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும் என்று படித்தவள்தான், இப்போது அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது, எது எதைத் தூண்டுகிறது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கும் பாயிண்ட் போடலாம் என்று உட்கார்ந்தேன். அத்தாட்சிக் கடிதம் இல்லை, வாய்மொழி அனுமதிதானே. போட முடியவில்லை. அந்த வருடம் அக்காவின் பாயிண்ட் எல்லாம் கேமரா அணைத்துக் கேட்ட வெபினார்களில் வந்தவை.

போன செவ்வாய் அந்தப் பெரியவரின் மனைவி தன் தங்கையை அழைத்து வந்தார். தங்கைக்கும் இனிப்புநீர், வேறு தோட்டம், எங்கள் கிளினிக்குக்குப் புதுசு. நான் நம்பர் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள், அந்த அம்மா நடைவழி முக்காலிக்கு முன்னால் தங்கையை உட்கார வைத்து, “செருப்பக் கழட்டுடி, இங்க காலையும் பார்ப்பாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.